ரத்த மூலத்துக்கு வாத்துக்கறி: சூடா, குளிர்ச்சியா?

தென்காசி மகள்
எனக்குப் பிறந்த ஊர் தென்காசிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் குட்டநாட்டில். வாசலை விட்டு இறங்கினால் தண்ணீர், தண்ணீரெல்லாம் வாத்து. மாமனாருக்கு வயது 64. இரண்டு மாதமாக வெளிக்குப் போகும்போது ரத்தம் படுகிறது. மூலம்தான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். வாத்து முட்டையும் கறியும் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். ஆயுர்வேத வைத்தியரிடம் கேட்டால், "வாத்து சூடு, தொடவே வேண்டாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வயல்வாத்து
சகோதரி, நாங்கள் ஆரணிப் பக்கம். தாத்தா காலத்திலிருந்து வாத்து மேய்க்கிற குடும்பம். அறுப்பு முடிந்த வயலைத் தேடி ஊர் ஊராகப் போவோம், வரப்பிலேயே வலை கட்டிப் படுப்போம். நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் நத்தையும் புழுவும் சிந்தின நெல்லும் தின்கிற பறவை எப்படிச் சூடாகும்? கோழி சூடு, வாத்து குளிர்ச்சி என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். என் சித்தப்பாவுக்கு மூலம் வந்தபோது வாத்து முட்டைதான் கொடுத்தோம், நின்றது. தயங்காமல் கொடுங்கள்.

மூலபாடம்
வைத்தியர் சொன்னதில் தவறில்லை. கேரள வைத்தியம் பெரும்பாலும் அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலை ஒட்டியது. அதில் இறைச்சியை எட்டு வகையாகப் பிரிக்கிறார் வாக்படர். அதில் ஒன்று நீரில் திரியும் பறவைகள்: ஹம்ஸம், சாரசம், கொக்கு, சக்கரவாகம் என்று நீளும். இந்த வகைக்குச் சொன்ன குணம்: செரிக்கக் கனமானது, உஷ்ணம், நெய்ப்பு, இனிப்பு. பலம் தரும், வாதத்தை அடக்கும், கபத்தையும் பித்தத்தையும் கூட்டும். இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகரும் தம் நூலின் முதல் பகுதியான சூத்திரஸ்தானத்தில், 27ஆம் அத்தியாயத்தில் இதையேதான் சொல்கிறார். கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறார்: தினமும் உடலை வருத்தி உழைப்பவருக்கும் பசித்தீ நன்றாக எரிபவருக்கும்தான் இது ஏற்றது.

வயல்வாத்து அண்ணா, உங்கள் வீட்டில் எல்லோரும் விடியற்காலையிலிருந்து மந்தையோடு நடப்பவர்கள், உங்களுக்குச் செரிக்கும். ரத்தம் போகிற 64 வயதுக்காரருக்குப் பித்தத்தைக் கூட்டுவதைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏரிக்கரை
பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். சரகரைப் போலவே பழைய ஆசிரியரான சுசுருதரின் சூத்திரஸ்தானம் 46ஆம் அத்தியாயத்தையும் பாருங்கள். நீரில் மிதக்கும் பறவைகளுக்குப் 'பிலவம்' என்று தனி வகுப்பே வைத்திருக்கிறார். அதன் குணம் குளிர்ச்சி, நெய்ப்பு, ரத்தபித்தத்தைப் போக்கும், மலமும் சிறுநீரும் தடையில்லாமல் இறங்கச் செய்யும். ரத்தபித்தம் என்றால் பித்தம் கெட்டு ரத்தம் வெளியேறும் நோய். மூலத்துக்கு வாத்து நல்லது என்று குட்டநாட்டுக் கிழவிகள் சொல்வதற்கும் இதற்கும் அப்படியே பொருந்துகிறது. ஊர்ச்சொல்லை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள்.

மூலபாடம்
மூடநம்பிக்கை என்று நான் சொல்லவே இல்லை. அடுத்த சுலோகத்தையும் சேர்த்துப் படியுங்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த வகுப்பிலிருந்து ஹம்ஸத்தை மட்டும் தனியே எடுத்து, அது கனம், உஷ்ணம் என்று அதே சுசுருதர் சொல்கிறார். குரலுக்கும் நிறத்துக்கும் பலத்துக்கும் நல்லது, வாதத்தை அழிக்கும் என்கிறார். ஆக வகுப்பு குளிர்ச்சி, அதன் முதல் பறவை சூடு. நம் வீட்டு வாத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது? ஹம்ஸம் என்பது வரித்தலை வாத்து போன்ற பெரிய காட்டுப்பறவை என்பவர்கள் பலர். குட்டநாட்டுச் சாராவும் செம்பல்லியும் மனிதன் வளர்க்கும் வாத்து. குருதி போகும் ஒருவருக்கு இதைத் தேர்ந்து கொடுக்கும் அளவுக்கு அந்தச் சுலோகம் தெளிவாக இல்லை.

பறவைநோக்கி
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். இப்படிப் பட்டியலைப் பொதுவில் போடும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. நாரையும் கொக்கும் மருந்து என்று படித்தவுடன் அதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு ஏரிக்கரை ரோட்டில் நானே பார்த்தேன். ஐந்தாறு மடையான்களைக் காலைச் சேர்த்துக் கட்டி, சைக்கிள் ஹேண்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார் ஒருவர். எல்லாம் உயிரோடு இருந்தன. ஒன்றின் கண் இமைத்துக்கொண்டே இருந்தது. "வாய்வுக்கு நல்லது, சார்" என்றுதான் விற்றார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சரகர் காலத்தில் எழுதியது இன்றைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. வளர்ப்பு வாத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை
இதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் சொன்னதும் வளர்ப்பு வாத்தைத்தான்.

வயல்வாத்து
எங்கள் மந்தைக்குள் சிறகி என்கிற காட்டு வாத்து வந்து மேய்ந்தால்கூட விரட்டமாட்டோம், பிடிக்கவும் மாட்டோம்.

மூலபாடம் ஐயா, நீங்கள் புத்தகத்தில் பார்க்கிற சூடு எனக்குச் சட்டியில் தெரிகிறது. அது கொழுப்பு. தோலோடு சமைத்தால் மேலே மஞ்சளாக ஒரு விரற்கடை நிற்கும். தோலை உரித்துவிட்டால் கறி கறுஞ்சிவப்பாக, நாரோடு, கொழுப்பே இல்லாமல் இருக்கும்.

மூலபாடம்
நல்ல இடத்தைத் தொட்டீர்கள். இன்றைய உணவுக் கணக்கிலும் அப்படித்தான். பண்ணை வாத்தின் பச்சைக்கறி தோலோடு 100 கிராம் என்றால் கொழுப்பு சுமார் 39 கிராம். தோல் நீக்கினால் 6 கிராமுக்குள்தான், புரதம் 18 கிராம். கனம், நெய்ப்பு என்று பழையவர்கள் சொன்னதில் பெரும்பங்கு தோலுக்கு அடியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர்களும் கொழுப்பைத் தனியாகவே மதிப்பிட்டார்கள். நீர்ப்பறவைக் கொழுப்பில் எது சிறந்தது, எது மட்டம் என்றுகூடச் சரகர் 25ஆம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார்.

பருவமும் உண்டு. ஹேமந்தத்தில், அதாவது முன்பனிக் குளிரில், நீர்நிலை உயிர்களின் கொழுத்த இறைச்சியைச் சாப்பிடச் சொல்கிறார். மழை ஓய்ந்தபின் வரும் சரத் காலத்தில் அதையே விலக்கச் சொல்கிறார். மழைக்காலத்தில் பசித்தீ மந்தம், அப்போது வறண்ட நிலத்து விலங்கின் இறைச்சிதான்.

ஏரிக்கரை
அந்தக் குளிர் வடக்கத்திக் குளிர். ஆலப்புழையில் மார்கழியிலும் விசிறி சுற்றுகிறது. பருவக் கணக்கை அப்படியே இங்கே இறக்கினால் எப்படிப் பொருந்தும்?

மூலபாடம்
முழுதாகப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப் பார்த்தால் உங்கள் பிலவ வகுப்பும் வடக்கத்தி ஏரிப் பறவைகளைப் பார்த்து எழுதியதுதானே?

தென்காசி மகள்
நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இங்கே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மாமியார் வாத்து மப்பாஸ், அதாவது தேங்காய்ப்பால் குழம்பு வைத்தார். பூமயிரை நெருப்பில் வாட்டி, வாலடியில் இருக்கும் எண்ணெய் முடிச்சை மறக்காமல் அறுத்தெறிந்து, மிளகும் இஞ்சியும் சின்ன வெங்காயமும் வதக்கி, கடைசியில் தலைப்பால் ஊற்றி இறக்கினார். மாமனார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சந்தேகம்: நீர்வாழ் இறைச்சியோடு பால் சேர்க்கக் கூடாது என்று எங்கோ படித்தேன். தேங்காய்ப்பாலும் அதில் வருமா?

மூலபாடம்
சரகர் விலக்குவது மாட்டுப்பால் போன்ற பாலை. தேன், எள், வெல்லம், உளுந்து, முள்ளங்கி இவற்றோடும் சேர்க்க வேண்டாம் என்கிறார். தேங்காய்ப்பால் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் சகோதரி, இரண்டு மாதமாக ரத்தம் போகிறது என்றீர்களே, யாராவது பரிசோதித்தார்களா? மூலம் என்று அவர் முடிவு செய்தால் போதாது. குடலில் கட்டி இருந்தாலும் இப்படித்தான் போகும். நம் சூடு, குளிர்ச்சியெல்லாம் அப்புறம்.

ஏரிக்கரை
இதை நானும் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். முதலில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பறவைநோக்கி
அரைவேக்காட்டு முட்டையும் வேண்டாம். உங்கள் ஆலப்புழையில் 2014, 2016, 2021, 2024 என்று பறவைக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்த இடம். நன்றாக வெந்தது மட்டும்.

வயல்வாத்து
என் சித்தப்பாவையும் நாங்கள் யாரிடமும் காட்டவில்லை. நின்றது என்று நம்பிவிட்டோம். உங்கள் மாமனாரைக் காட்டிவிடுங்கள் சகோதரி.

முட்டையை மட்டும் நான் விடமாட்டேன். அதையும் சூடு என்று எழுதியிருக்கிறதா ஐயா?

மூலபாடம்
இல்லை. அன்னம், சகோரம், கோழி, மயில், குருவி இவற்றின் முட்டை இருமலுக்கும் இதய நோய்க்கும் உட்காயத்துக்கும் ஏற்றது, எரிச்சல் தராது, உடனே பலம் தரும் என்கிறார் சரகர். வாத்து என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் முட்டையில் உங்கள் பக்கம்தான் அவர் நிற்கிறார்.

தென்காசி மகள்
செவ்வாய்க்கிழமை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க நேரம் வாங்கியாயிற்று. அதுவரை கஞ்சிதான். மப்பாஸில் தோலில்லாத இரண்டு துண்டை மாமியார் தனியே எடுத்து வைத்திருந்தார். அதை நானே சாப்பிட்டுவிட்டேன்.