கம்மனஹள்ளியில் பர்கர் கடை ஃபிரான்சைஸ்: 35 லட்சம் போடலாமா?

அல்சூர்க்காரன்:
ஐடி வேலையை விட்டபோது வந்த பணம் கையில் இருக்கிறது. ஒரு பர்கர் கம்பெனி, தன் பெயரில் நான் கடை நடத்த பெங்களூரு கம்மனஹள்ளியில் ஃபிரான்சைஸ் தருவதாகச் சொல்கிறது. மொத்தம் 35 லட்சம், அதோடு மாதாமாதம் அவர்களுக்கு விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி. மாதம் 6 லட்சத்துக்கு வியாபாரம் ஆகும் என்கிறார்கள். இறங்கலாமா? மெக்டொனால்ட்ஸ், டொமினோஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

பழைய கல்லா:
தம்பி, அவை நமக்குக் கிடைக்காது. இந்தியாவில் டொமினோஸ் ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் கையில் இருக்கிறது. தெற்கிலும் மேற்கிலும் மெக்டொனால்ட்ஸை நடத்துவது வெஸ்ட்லைஃப். நம்மைத் தேடி வருவது சின்ன கம்பெனிகள்தான்.

மாரத்தஹள்ளியில் நானும் ஒன்று எடுத்து, மூன்று வருடம் நடத்தி மூடினேன். ராயல்டி விற்பனைக்குத்தான், லாபத்துக்கு அல்ல. நஷ்டம் வந்த மாதமும் கட்டியாக வேண்டும். 6 லட்சத்துக்கு 36,000. அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 42,480. 5 சதவீத வரியில் நடக்கும் சாப்பாட்டுக் கடைக்கு இன்புட் கிரெடிட் (கட்டிய ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது, அந்த 6,480 போனது போனதுதான்.

பிடிஎம் சமையற்கட்டு:
அண்ணா, நான் முதலில் சொந்தமாக டிபன் கடை போட்டவள். தீபாவளிக்கு ஊருக்குப் போன மாஸ்டர் கார்த்திகை வரை திரும்பவில்லை, ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது சிக்கன் ஃபிரான்சைஸ், நான்காவது வருடம். மசாலா தடவிய துண்டுகள் உறைந்தபடி பாக்கெட்டில் வருகின்றன. ஃப்ரையர் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. அசாமிலிருந்து வந்த பையன் ஒரே வாரத்தில் பழகிவிட்டான். தினமும் காலையில் எண்ணெயில் ஒரு சோதனைத் தாள் பட்டையை நனைத்து நிறம் பார்க்கிறோம். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பொரிக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதி. டிபன் கடை வைத்திருந்தபோது இது எனக்குத் தெரியவே தெரியாது. இந்த முறைகளுக்காகக் கொடுக்கும் ராயல்டி எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

பழைய கல்லா:
தங்கச்சி சொல்வது சரி, சமையல் பக்கம் எனக்கும் குறை இல்லை. என்னைக் கவிழ்த்தது ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட ஒரு வரி. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி அதே பெயரில் இன்னொரு கடை திறந்தார்கள். டெலிவரி ஆப்களில் வரும் ஆர்டர் பாதியாகிவிட்டது. போய்க் கேட்டால், எல்லை என்று எதுவும் எழுதவில்லையே என்றார்கள். அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், எத்தனை கடை மூடியது என்பது உட்பட முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். இங்கே அதற்கென்று தனிச் சட்டமே இல்லை.

பிடிஎம் சமையற்கட்டு:
எல்லை விஷயத்தில் மறுபேச்சு இல்லை அண்ணா. நான் மூன்று கிலோமீட்டர் என்று எழுதி வாங்கினேன், அதற்கே ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். ஆனால் அதற்காக ஃபிரான்சைஸே வேண்டாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். தம்பி, கடையில் நீங்களே நிற்பீர்களா? மேனேஜரை நம்பித்தான் என்றால் விட்டுவிடுங்கள்.

அல்சூர்க்காரன்:
நானேதான் அக்கா. ஃபிரேசர் டவுனில் அவர்கள் கடை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரிக் கூட்டத்தைக் காட்டினார்கள். அடுத்த வாரம் செவ்வாய், புதன் மதியம் நானே போய் உட்கார்ந்து பில் எண்ணப் போகிறேன்.

பழைய கல்லா:
டெலிவரி பையன்கள் எடுத்துப் போவதைத் தனியாக எண்ணுங்கள். ஆப் கமிஷன் அதில்தான் போகும்.