நகவெட்டியைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறான், என்ன செய்வது?

கேள்வி

எங்கள் நாய் மணிக்கு 3 வயது, 22 கிலோ. நகம் எல்லாமே கறுப்பு. குட்டியாக இருந்தபோது மடியில் போட்டு வெட்டிவிடுவேன், ஒன்றும் சொல்லமாட்டான். ஏழெட்டு மாதம் முன்பு வலது முன்னங்காலில் ஒரு நகத்தை ஆழமாக வெட்டிவிட்டேன். அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நடந்த இடமெல்லாம் ரத்தப் பொட்டு. அன்றிலிருந்து நகவெட்டி இருக்கும் இழுப்பறையைத் திறந்தாலே போதும், கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்வான்.

போன வாரம் நானும் கணவரும் மகனும் சேர்ந்து போர்வையில் சுற்றிப் பிடித்தோம். இரண்டு நகம் வெட்டுவதற்குள் என் கையைக் கவ்விவிட்டான். பல் பதியவில்லை. ஆனால் அவன் இதுவரை அப்படிச் செய்ததே இல்லை. அன்று முழுக்க நான் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நகமோ வளர்ந்துகொண்டே போகிறது, நடந்தால் தரையில் டக் டக்கென்று கேட்கிறது. அவனைப் பயமுறுத்தாமல் வெட்ட வழி இருக்கிறதா?

பதில் 1

அம்மா, முதலில் அந்தப் போர்வையை மடித்து வைத்துவிடுங்கள். இனி அது வேண்டாம். மணி கவ்வியதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன்பே காலை இழுத்திருப்பான், உதட்டை நக்கியிருப்பான், கொட்டாவி விட்டிருப்பான், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்திருப்பான். நாய் ‘வேண்டாம்’ என்று சொல்வதே இப்படித்தான். மூன்று பேர் பிடித்திருக்கும்போது அதை யாரும் கவனித்திருக்க முடியாது. அத்தனையும் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் பல் பதியாமல் வாயை வைத்தான் பாருங்கள், அது நல்ல பிள்ளை.

என் நாயும் இப்படித்தான் இருந்தாள். சரியாக ஆறு வாரம் ஆனது எனக்கு. நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம் வெட்டுவது என்ற பேச்சே இல்லை. நகவெட்டியை எடுத்து அறையின் மறுமூலையில் தரையில் வைப்பேன். அவள் அதைப் பார்த்ததும் வேகவைத்த கோழியில் விரல்நுனி அளவுக்கு ஒரு துண்டு. இன்னும் ஒரு துண்டு. பிறகு நகவெட்டியை எடுத்து வைத்துவிடுவேன், கோழியும் அத்தோடு முடிந்தது. வரிசை மட்டும் மாறவே கூடாது: முதலில் நகவெட்டி, அப்புறம்தான் தின்ன. நான் முதல் இரண்டு நாள் தலைகீழாகச் செய்து கெடுத்தேன். கோழியைக் காட்டிக் கூப்பிட்டு, வந்ததும் நகவெட்டியை எடுத்தேன். மூன்றாம் நாள் கோழியைப் பார்த்தே பின்வாங்க ஆரம்பித்துவிட்டாள். இழுப்பறைச் சத்தத்துக்கும் இதே வழிதான். திறங்கள், ஒரு துண்டு போடுங்கள், மூடுங்கள், உங்கள் வேலையைப் பாருங்கள்.

அப்புறம் கால். தோளில் கை, துண்டு. முழங்காலில் கை, துண்டு. பாதத்தைத் தொட, விரலை லேசாக அழுத்த, ஒவ்வொன்றுக்கும் சில நாள். இதில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது ஒன்று உண்டு: அவன் காலை இழுத்தால் அந்த நொடியே விட்டுவிடுங்கள். இழுத்தால் விடுவார்கள் என்று தெரிந்த நாய்க்கு இழுக்க வேண்டிய அவசியம் குறையும். நான் நம்பாமல்தான் செய்து பார்த்தேன். பத்தாம் நாள் என் உள்ளங்கையில் பாதத்தின் முழுப் பாரத்தையும் வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்டும் சத்தம் தனியாகப் பழக வேண்டும். தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை நகவெட்டியில் வைத்து நறுக்கினால் ஏறக்குறைய அதே சத்தம் வரும். நறுக், துண்டு. நறுக், துண்டு. அதன் பிறகுதான் நிஜ நகம், அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. முன்னங்காலின் உள்பக்கம் சற்று மேலே இருக்கும் பக்க நகங்களையும் சேர்த்தால் பெரும்பாலான நாய்களுக்கு 18 நகம். தினம் ஒன்று வெட்டினால்கூட மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். எதற்கு அவசரம்? அடிபட்ட வலது முன்னங்காலைக் கடைசிக்கு வையுங்கள்.

காலைப் பக்கவாட்டில் இழுக்காமல், தானாக மடங்கும் திசையில் பின்பக்கம் மடக்கித் தாழ்வாகப் பிடியுங்கள். நிறைய நாய்களுக்கு வெட்டுவதைவிட அந்தப் பிடிதான் தொந்தரவு.

பதில் 2

கறுப்பு நகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அக்கா. நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிற சதை இருக்கிறது. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பில் தெரியாது. அதனால் ஒரே வெட்டாக வெட்டாமல் தாள் கனத்துக்குச் சீவிச் சீவி எடுங்கள். ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். முதலில் காய்ந்து, வெளிறி, செதில் செதிலாக இருக்கும். நடுவில் கருமையாக, கொஞ்சம் ஈரப்பசையோடு ஒரு புள்ளி தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும், சதை பக்கத்தில் வந்துவிட்டது. நகத்தின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், நுனியில் பள்ளமாக ஓடும் பகுதியில் சதை இருக்காது.

வெகுநாள் வெட்டாத நகத்தில் சதையும் கூடவே நீண்டிருக்கும். ஒரேயடியாகக் குட்டையாக்க முடியாது. வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் அது மெல்ல உள்வாங்கும். நகவெட்டி மழுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், மழுங்கியது வெட்டாது, நசுக்கும்.

மறுபடி ரத்தம் வந்தால் பதறாதீர்கள். ரத்தம் நிறுத்தும் பொடி, இல்லையென்றால் மக்காச்சோள மாவு (கார்ன்ஃப்ளார்), நகத்தின் நுனியில் வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தால் நிற்காது. அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பதில் 3

ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, அதைப் பிறாண்டக் கற்றுக்கொடுங்கள். எங்கள் வீட்டில் நாலே நாளில் கற்றுக்கொண்டான். முன்னங்கால் நகங்களை அவனே தேய்த்துக்கொள்கிறான். பாதத்தின் மெத்தைப் பகுதி உரசிச் சிவக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள். உள்பக்கம் சற்று மேலே இருக்கும் பக்க நகம் பலகையிலும் தேயாது, தரையிலும் தேயாது. மறந்துவிட்டால் வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும்.

பதில் 4

ஒருமுறை பாதத்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். விரலிலோ மூட்டிலோ வலி இருந்தால் எத்தனை கோழி கொடுத்தாலும் கால் தரமாட்டான். நகம் மிகவும் நீண்டுவிட்டதென்றால், பயத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்து அங்கேயே ஒருமுறை வெட்டிவிடுவார்கள், நீங்கள் நிதானமாகப் பழக்கலாம். மனிதர்களின் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சு.

கேட்டவர், ஐந்து வாரம் கழித்து

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் பார்த்தார், வலி எதுவும் இல்லை. இழுப்பறையைத் திறந்தால் இப்போது மணி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருகிறான். தீக்குச்சி ஒரு பெட்டி காலி. பின்னங்கால் நகம் எட்டும் முடிந்தது, இடது முன்னங்காலில் இரண்டு. நேற்று வெட்டுமுகத்தில் அந்தக் கரும்புள்ளி முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்தது, அங்கேயே நிறுத்திவிட்டேன். வலது முன்னங்காலை மட்டும் இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.