டிமொபிலைசேஷன் லெட்டர் வந்துடுச்சு, பி.எம்.பி. எழுதலாமா?

புதுவரவு: அண்ணன்மாரே, அவசரம். வெளிநாடு வந்து ஏழு மாசம், ஆயில் அண்ட் கேஸ் ப்ராஜெக்ட். நேத்து டிமொப் லெட்டர், அதான் உங்க வேலை முடிஞ்சுது கிளம்புங்கன்னு சொல்ற கடிதம், குடுத்துட்டாங்க. ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் பக்கம் போகணும்னு ஆசை. கடன் வாங்கியாவது பி.எம்.பி.ங்கற ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் சான்றிதழ் பரீட்சை எழுதினா உடனே வேலை கிடைக்குமா? ராத்திரி தூக்கமே இல்ல.

பைப்பிங் பழசு: கண்டிப்பா எழுதுங்க தம்பி. அது இல்லாம உங்க சி.வி.யைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாங்க. நான் வந்தது 2015 கடைசியில. 2014 நடுவுல 100 டாலருக்கு மேல இருந்த கச்சா எண்ணெய் பீப்பாய், 2016 ஜனவரியில 30-க்குக் கீழ. வந்த ஆறாவது வாரமே ப்ராஜெக்ட்டை ஹோல்டுல போட்டுட்டாங்க. நாலு மாசம் எனக்கு என்ன வேலை தெரியுமா? பைப் போற வழியைக் காட்டற ஐசோமெட்ரிக் ட்ராயிங்கை ரிவிஷன் வாரியா அடுக்கி வைக்கிறது. பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். நீங்களும் இருங்க.

ஷட்டவுன்காரன்: லெட்டரே வந்தாச்சு, இன்னும் எங்க இருக்கச் சொல்றீங்க? தம்பி, பி.எம்.பி. எல்லாம் சும்மா. பிளானிங்தான் வாசல். ஷெட்யூல் போடற சாஃப்ட்வேர் பிரைமவேரா கத்துக்குங்க. கம்ப்ரசர் மாதிரி லாங் லீட் சாமான் வர ஒரு வருஷம்கூடத் தாண்டும். அதைச் செய்யற கம்பெனி அனுப்பற வெண்டர் ட்ராயிங் லேட்டானா ஃபவுண்டேஷனே நிக்கும். இதை ஷெட்யூல்ல காட்டத் தெரிஞ்சவனைத்தான் எடுப்பாங்க.

பைப்பிங் பழசு: ஷெட்யூலா! 90 சதவீதம் முடிஞ்சுதுன்னு ரிப்போர்ட்ல பச்சையா காட்டுவாங்க. மிச்சம் பத்துக்கு எட்டு மாசம் இழுக்கும்.

இரவு ஷிஃப்ட்: ப்ராஜெக்ட் இன்ஜினியர்னு ஆஃபர்ல போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு வருஷமா மீட்டிங் மினிட்ஸ்தான் டைப் அடிக்கிறேன்.

ஷட்டவுன்காரன்: அதையாவது உங்ககிட்ட குடுத்தாங்களே.

கமிஷனிங் அக்கா: புலம்பல் போதும்ப்பா. தம்பி, எந்த நாடு, விசா யார் பேர்ல, கிளையண்ட் பக்கமா கான்ட்ராக்டர் பக்கமா, எத்தனை வருஷ அனுபவம், ஒண்ணுமே நீங்க சொல்லல. பி.எம்.பி.க்கு டிகிரி இருந்தாலும் 36 மாசம் ப்ராஜெக்ட்டை நடத்தின அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேப்பாங்க. இந்த மாசத்துக்கு அது உதவாது.

புதுவரவு: கான்ட்ராக்டர் பக்கம் அக்கா. பைப்பிங் க்யூ.சி., அதாவது தரம் பார்க்கற வேலை, மொத்தம் நாலு வருஷம். யாரையும் லீட் பண்ணினதில்ல. இங்க டெஸ்ட் பேக், அதான் பைப் டெஸ்டுக்கான ரிப்போர்ட் கட்டு, அதைச் சரிபார்த்து க்ளோஸ் பண்றதுதான் வேலை.

கமிஷனிங் அக்கா: எத்தனை க்ளோஸ் பண்ணீங்க?

புதுவரவு: 214. ஒரு பேக்ல ஒரே ஒரு வெல்டுக்கு, உள்ள குறை இருக்கான்னு படம் எடுத்துப் பார்த்த ரேடியோகிராஃபி ரிப்போர்ட் காணோம். ரெண்டு நாள் தேடினேன். வெல்டு நம்பரை மாத்தி எழுதி வேற ஃபைல்ல வச்சிருந்தாங்க. அது கிடைச்சப்புறம்தான் பைப்ல தண்ணி அழுத்தம் குடுத்துப் பார்க்கற ஹைட்ரோ டெஸ்டுக்கே விட்டாங்க.

கமிஷனிங் அக்கா: இதை ஏன்ப்பா முதல்லயே சொல்லல? சி.வி.யில முதல் வரி அதுதான். எண்ணிக்கையை மட்டும் எழுதிக்குங்க, கம்பெனி ஃபைல் எதையும் பென்டிரைவ்ல எடுக்காதீங்க. கேட் பாஸைத் திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி, செஞ்ச வேலையை விவரிச்சு அனுபவக் கடிதம் வாங்குங்க. அப்படியே பிளாண்டை ஓட்டத்துக்குத் தயார் பண்ற கமிஷனிங் மேனேஜரை நேர்ல பாருங்க. மெக்கானிக்கல் கம்ப்ளீஷன், அதாவது கட்டி முடிக்கற கட்டம், நெருங்கினா பஞ்ச் லிஸ்ட்ல இருக்கற மிச்ச சொச்ச வேலையை முடிக்க ஆள் தேடுவாங்க. அங்க சிஸ்டம் வாரியா ஹேண்டோவர் பார்த்துட்டா, அப்புறம் ப்ராஜெக்ட் இன்ஜினியர்னு கேக்க வாய் வரும். லெட்டர்ல விசா ரத்தாகற தேதி இருக்கா?

புதுவரவு: கடைசி வேலை நாள் 28-ன்னு மட்டும் இருக்கு.

கமிஷனிங் அக்கா: நாளைக்குக் காலையில மொதல்ல ஹெச்.ஆர்.கிட்ட அதை எழுத்துல கேளுங்க. கமிஷனிங் ஆபீஸ் அதுக்கப்புறம். எந்த நாடுன்னு இன்னும் சொல்லவே இல்ல பாருங்க.