மறு: கதிரியக்க ‘வீழ்படிவு’ பொருந்துமா?

> அணுகுண்டுச் சோதனைக்குப் பின் வானிலிருந்து இறங்குவதைக் ‘கதிரியக்க வீழ்படிவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

ஆங்கிலத்தின் ‘fallout’ என்பதற்கு அந்தத் தமிழ்ச் சொல் வேண்டாம் ஐயா. கரைசலில் கரையாமல் பிரிந்து அடியில் தங்குவதுதான் வீழ்படிவு. பள்ளி வேதியியலில் அது ஊன்றிவிட்ட சொல். ‘கதிர்வீச்சுப் பொழிவு’ இன்னும் மோசம். இறங்குவது கதிர்வீச்சு அன்று, கதிர்வீசும் பொருள். அது தெரிந்தால்தான் உடையைக் களைந்து தலைமுடியை அலச வேண்டும் என்பது புரியும்.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ‘காசில் பிராவோ’ சோதனையைப் பாருங்கள். எதிர்பார்த்தது 6 மெகாடன் (ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம்), வெடித்தது 15. எரிபொருளில் இருந்த லித்தியத்தில் லித்தியம்-6 சுமார் 40 விழுக்காடுதான், மீதி லித்தியம்-7. அது வினைப்படாது என்று கணக்குப் போட்டார்கள். வேக நியூட்ரான் பட்டதும் அதுவும் உடைந்து, அணுக்கரு இணைவைப் பெருக்கும் கன ஹைட்ரஜனான டிரிட்டியத்தைத் தந்தது. மொத்தத் திறனில் சுமார் 10 மெகாடன் அணுக்கருப் பிளவிலிருந்து, பெரும்பாலும் யுரேனியம் உறையிலிருந்து, வந்தது. கதிரியக்கத்தின் ஊற்று அந்தப் பிளவு விளைபொருள்களே.

குண்டு தரைமட்டத்தில் வெடித்ததால் தீக்கோளம் பவளப்பாறையைப் பொடியாக்கி அள்ளிச் சென்றது. சுமார் 2 கி.மீ. அகலமும் 75 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் மிஞ்சியது. மேலே ஆவியாக இருந்த விளைபொருள்கள் குளிரும்போது அந்தப் பொடிமேல் ஒட்டின. பருமணிகள் சில மணி நேரத்தில் இறங்கின. நுண்பொடி வளிமண்டலத்தின் மேலடுக்கான படைமண்டலத்தில் தங்கிப் பின்னர் உலகெங்கும் இறங்கியது.

1961 அக்டோபர் 30 அன்று ஆர்க்டிக் தீவுகளான நோவாயா செம்லியாவில் சோவியத் ஒன்றியம் வெடித்தது 50 மெகாடன். ஆனால் 4,000 மீட்டர் உயரத்தில். தீக்கோளம் தரையைத் தொடவில்லை. யுரேனியம் உறைக்குப் பதில் ஈயம். திறன் மும்மடங்குக்கு மேல், அருகே விழுந்ததோ மிகக் குறைவு. ஆகவே திறனை அல்ல, அள்ளப்பட்ட துகளைச் சுட்டும் சொல் வேண்டும்.

என் முன்மொழிவு: வீழ்துகள். வினைத்தொகை ஆதலால் வீழ்ந்ததும் வீழ்வதும் வீழப்போவதும் அடங்கும். தரையில் தங்கியதைச் சதுர மீட்டருக்கு இத்தனை பெக்கரெல் (கதிரியக்க அலகு) என்று அளக்கும் இடத்தில் ‘படிவு’ போதும்.

---

> என் முன்மொழிவு: வீழ்துகள்.

நல்ல சொல். இருந்தாலும் ‘கதிர்நீறு’ என்பதையும் எண்ணிப் பாருங்கள். பவளம் சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகி, ஈரம் பட்டு நீறியது. பிகினிக்குக் கிழக்கே உள்ள ரொங்கலாப் தீவினர் மேலும், ‘ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் 23 பேர் மேலும் விழுந்தது அந்த வெண்பொடிதான். ஜப்பானியர் அதைச் ‘சாவுச் சாம்பல்’ என்றார்கள். தமிழில் நீறு என்றால் சாம்பலும் ஆகும், சுண்ணாம்பும் ஆகும்.

அருகில் விழுவதை அண்மை வீழ்துகள், உலகெங்கும் பரவுவதைச் சேய்மை வீழ்துகள் எனப் பிரிக்கலாமா?

---

> கதிர்நீறு

அழகான சொல் அம்மா, பிகினிக்கு முற்றும் பொருந்தும். அமெரிக்காவின் நெவாடா பாலைவனச் சோதனைகளில் கிடைத்ததோ உருகிய மணலின் கண்ணாடி மணிகள். பொதுச்சொல்லாக அதை ஏற்க இயலாது. முன்பு சிலர் சொன்ன ‘உதிர்வு’ம் இடறும்: ரொங்கலாப் மக்களுக்குப் பிறகு முடியும் உதிர்ந்தது, ஒரே மருத்துவக் குறிப்பில் இரண்டு உதிர்வு வரும்.

> அண்மை, சேய்மை

இங்கே எல்லைக்கோடு தொலைவு அன்று, நேரம். பிராவோவின் கடும்படிவு காற்றுவாக்கில் 350 கி.மீ. வரை நீண்டது, அதை அண்மை என்பது எப்படி? முதல் 24 மணி நேரத்தில் இறங்குவது முந்து வீழ்துகள், பிறகு இறங்குவது பிந்து வீழ்துகள் என்போம்.

நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு வீதம் சுமார் பத்தில் ஒன்றாகும். வெடித்து 1 மணி நேரத்தில் வீதம் 1,000 என்றால் 7 மணி நேரத்தில் 100, 49 மணி நேரத்தில் 10. ரொங்கலாப் மக்களை வெளியேற்றியது சுமார் 50 மணி நேரம் கழித்து. மிகக் கடுமையான மணிநேரங்களை அவர்கள் அந்தப் பொடிக்குள்ளேயே கழித்துவிட்டார்கள்.

பிந்து வீழ்துகளில் கவனிக்க வேண்டியது ஸ்ட்ரான்சியம்-90. அரைவாழ்வு சுமார் 29 ஆண்டு. கால்சியத்தைப் போல நடப்பதால் புல், பால் வழியே குழந்தைகளின் எலும்பிலும் பல்லிலும் சேரும். சோதனைகளால் பெருகிய கார்பன்-14 கரியமில வாயுவாகக் காற்றில் கலப்பது. வரையறையில் அதைச் சேர்க்க வேண்டாம்.

பதிவுக்கு: வீழ்துகள் – அணுவெடிப்பில் மேலெழுந்து, கதிரியக்கப் பொருள் ஒட்டிய நிலையில், தானாகவோ மழையோடோ தரைக்கு இறங்கும் துகள்.