புதுப்பிப்பு: சேல்ஸ்ஃபோர்ஸில் ஷேரிங் ரூல் போட்டும் எல்லா ரெக்கார்டும் எல்லாருடைய பார்வைக்கும் வந்த பிரச்சினை (தீர்ந்தது)

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸில், ஒரு விற்பனைக் குழுவின் அக்கவுண்ட்டுகள் (வாடிக்கையாளர் நிறுவனங்களின் ரெக்கார்டுகள்) இன்னொரு குழுவுக்குத் தெரியக் கூடாது, ஷேரிங் ரூல் (ரெக்கார்டுகளை யாருடன் பகிர்வது என்ற விதி) எழுதியும் தெரிகிறதே என்று கேட்டிருந்தேன்.

"ஷேரிங் ரூல் கதவைத் திறக்கத்தான் செய்யும், மூடாது, முதலில் ஆர்க்-வைட் டிஃபால்ட்டைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் விடை. ஆர்க்-வைட் டிஃபால்ட் என்பது ஒரு வகை ரெக்கார்டை எல்லாரும் எந்த அளவுக்குப் பார்க்கலாம் என்ற அடிப்படை அமைப்பு. அக்கவுண்ட்டுக்கு அது 'பப்ளிக் ரீட் ஒன்லி' (எல்லாரும் பார்க்கலாம், திருத்த முடியாது) என்று இருந்தது. 'பிரைவேட்' ஆக்கினேன். அப்புறம் மேலாளர்களுக்கு ரோல் ஹையரார்க்கி (யார் யாருக்கு மேல் என்ற பதவி வரிசை) வழியாகவே தங்கள் குழுவின் ரெக்கார்டுகள் தெரிந்தன. சப்போர்ட் குழுவுக்கு மட்டும் ஒரு ரூல் போட்டேன். மாற்றியதும் உடனே பலன் தெரியாது. யாருக்கு எது தெரியும் என்ற மறுகணக்கீடு பின்னணியில் ஓடி முடிந்து மின்னஞ்சல் வரும், அதுவரை சோதிக்காதீர்கள்.

எதிர்பாராதது இரண்டு. ஒரு பயனருக்கு மட்டும் இன்னமும் எல்லாம் தெரிந்தது. அவருடைய பெர்மிஷன் செட் (பயனருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் அனுமதித் தொகுப்பு) ஒன்றில் அக்கவுண்ட்டுக்கு 'வியூ ஆல்' (எல்லாவற்றையும் பார்க்கும் அனுமதி) டிக் ஆகியிருந்தது. அது இருந்தால் ஷேரிங் அமைப்பையே பார்க்காது. எடுத்ததும் சரியானது. இதை முதலிலேயே தேடுங்கள், நிறைய நேரம் மிச்சம்.

இன்னொன்று, சப்போர்ட் குழுவுக்கு 'ரீட்/ரைட்' கொடுத்தும் எடிட் பட்டன் வரவில்லை. அவர்கள் புரொஃபைலில் (பயனரின் அடிப்படை அனுமதிகள் இருக்கும் இடம்) அக்கவுண்ட்டுக்கு எடிட் அனுமதியே இல்லை. அந்த அனுமதி இல்லாமல் ரெக்கார்டை எவ்வளவு பகிர்ந்தாலும் திருத்த முடியாது. ஒரு பெர்மிஷன் செட் மூலம் கொடுத்தேன், பட்டன் வந்துவிட்டது.