கேமல் ரூட்: ரிட்டர்ன் எல்லாம் அதர்வைஸுக்கே போகிறது, டெஸ்ட்டில் மட்டும் சரியாக வருகிறது

குழம்பியவன்:
வணக்கம். இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அப்பாச்சி கேமல் 2.25 (ஃபைல், மெசேஜ் எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்துக்கு அனுப்பும் ஜாவா லைப்ரரி; அந்த வழிதான் ரூட்), ஜாவா 8. ஒரு ஃபோல்டரில் ஜிஸிப் (சுருக்கிய) ஃபைல்கள் வந்து விழும், நான் எழுதிய ப்ராசஸர் அதைப் பிரித்து பாடியில், அதாவது மெசேஜின் உள்ளடக்கத்தில், வைக்கும், அடுத்தது வழி பிரிக்கும் சாய்ஸ். அதன் முதல் வென்னில் (நிபந்தனையில்) பாடியை ஸ்ட்ரிங்காக எடுத்து ஆர்டர் என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கிறேன், இரண்டாவதில் ரிட்டர்ன். இரண்டும் இல்லையென்றால் அதர்வைஸ். மூன்றும் போய்ச் சேருவது ஃபைல் எண்ட்பாயிண்ட்தான், அதாவது ஆளுக்கொரு ஃபோல்டர்.

ஆர்டர் ஒழுங்காகத் தன் ஃபோல்டருக்குப் போகிறது. ரிட்டர்ன் ஒன்றுகூட அதன் இடத்துக்குப் போகவில்லை, எல்லாம் அதர்வைஸில் கிடக்கிறது. எர்ரர் எதுவும் இல்லை. சரி, உள்ளே என்ன வருகிறது என்று பார்க்கலாமே என சாய்ஸுக்கு முன்னால் பாடியை லாக் செய்தேன். லாகில் முழு உள்ளடக்கமும் அழகாக வருகிறது, ஆனால் இப்போது ஆர்டரும் அதர்வைஸுக்கே போகிறது! யூனிட் டெஸ்ட் மூன்றும் பச்சை, அதாவது பாஸ். பேய் பிடித்த ரூட் மாதிரி இருக்கிறது.

செமிகோலன்:
சாய்ஸுக்குள் எண்ட் போட வேண்டிய இடத்தில் எண்ட்சாய்ஸ் போட்டிருக்கிறீர்களா, பாருங்கள். எனக்கு ஒருமுறை அதுதான் காலை வாரியது.

குழம்பியவன்:
பார்த்துவிட்டேன், அது சரியாகத்தான் இருக்கிறது. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு வென்னையும் இடம் மாற்றிப் போட்டால் ரிட்டர்ன் ஓடுகிறது, ஆர்டர் படுத்துவிடுகிறது.

பழைய ஜாவாக்காரன்:
அந்தக் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. மூன்று கேள்வி. ப்ராசஸர் பாடியில் வைப்பது என்ன டைப்? டெஸ்ட்டில் என்ன டைப் அனுப்புகிறீர்கள்? "ஒழுங்காகப் போகிறது" என்கிறீர்களே, அந்த ஆர்டர் ஃபைல்களில் ஒன்றைத் திறந்து பார்த்தீர்களா?

குழம்பியவன்:
ப்ராசஸரில் பைட் அரேயாகப் பிரித்து, அதை பைட்அரேஇன்புட்ஸ்ட்ரீமாக்கி (வரிசையாகப் படிக்கும் ஸ்ட்ரீம்) செட்பாடி செய்கிறேன். டெஸ்ட்டில் வெறும் ஸ்ட்ரிங்.

ஃபைலைத் திறந்தேன். ஐயோ. 0 பைட். எல்லாமே 0 பைட். இவ்வளவு நாளும் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய ஜாவாக்காரன்:
அதேதான். ஸ்ட்ரீமை ஒருமுறைதான் படிக்க முடியும். முதல் வென் அதைக் கடைசிவரை படித்துவிடுகிறது, பொருந்தினால் அந்தப் பக்கம் அனுப்புகிறது, ஆனால் அனுப்புவது காலி டப்பாவை. பொருந்தாவிட்டால் இரண்டாவது வென்னுக்குக் கிடைப்பது வெற்று ஸ்ட்ரிங், அதில் ரிட்டர்ன் எங்கிருந்து இருக்கும்? நேராக அதர்வைஸ். லாக் போட்டதும் படிக்கிற வேலையை லாகே முடித்துவிட்டது, அதனால் முதல் வென்னுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. டெஸ்ட்டில் ஸ்ட்ரிங், அதை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம், அதனால் எப்போதும் பச்சை.

ஒரு சின்ன வேடிக்கை. நீங்கள் ஜிஸிப்இன்புட்ஸ்ட்ரீமையே பாடியில் வைத்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பீர்கள். ஸ்ட்ரிங்காக மாற்றியதும் கேமல் ஸ்ட்ரீமை மூடிவிடும். மூடிய ஜிஸிப் ஸ்ட்ரீமை மறுபடி படித்தால் 'ஸ்ட்ரீம் க்ளோஸ்ட்' என்று எக்ஸப்ஷன் எகிறும். பைட்அரேஇன்புட்ஸ்ட்ரீமில் க்ளோஸ் என்பது ஒன்றும் செய்யாத மெத்தட், அதனால் சத்தமே இல்லாமல் காலியைக் கொடுக்கிறது.

செமிகோலன்:
அப்படியானால் ஸ்ட்ரீம் கேச்சிங்கை (ஸ்ட்ரீமை மறுபடி படிக்கும்படி சேமித்து வைக்கும் வசதி) ஆன் செய்தால் முடிந்ததே?

பழைய ஜாவாக்காரன்:
அதற்காகத்தான் அது இருக்கிறது. கேமல் 3.17 முதல் அது தானாகவே ஆனில் இருக்கும், 2.25-இல் நாம்தான் போட வேண்டும். ஆனால் இவர் விஷயத்தில் அதுகூடத் தேவையில்லை. பைட் அரே கையிலேயே இருக்கும்போது அதற்கு எதற்கு ஸ்ட்ரீம் போர்வை? அரேயை அப்படியே செட்பாடி செய்யுங்கள். ப்ராசஸரில் கை வைக்க முடியாது என்றால் அடுத்த வரியில் கன்வர்ட்பாடிடூ போட்டு பாடியை ஸ்ட்ரிங்காக மாற்றிவிடுங்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: என்ன வகை என்பதை ப்ராசஸரிலேயே ஒருமுறை பார்த்து எக்ஸ்சேஞ்ச் ப்ராபர்ட்டியில் (பாடியோடு சேர்ந்து ரூட் முழுக்க வரும் தனிக் குறிப்பு) போட்டுவிட்டு, வென்னில் அதை மட்டும் பாருங்கள். வழி பிரிப்பதற்காக ஒவ்வொரு கிளையும் முழு பாடியையும் துழாவுவது வீண் வேலை.

குழம்பியவன்:
போர்வையை எடுத்தேன், ஓடிவிட்டது! லாக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே முடிவு. ப்ராபர்ட்டி வழிக்கு நாளை மாற்றுகிறேன். பழைய கோடை வைத்து டெஸ்ட்டில் ஸ்ட்ரீம் அனுப்பிப் பார்த்தேன், இப்போதுதான் முதல்முறையாகச் சிவப்பு வந்தது.

போன 0 பைட் ஃபைல்களை மீட்க வழி உண்டா?

பழைய ஜாவாக்காரன்:
டெலீட் ஆப்ஷன் போடவில்லை என்றால், முடிந்த ஃபைல்களை கேமல் அதே ஃபோல்டருக்குள் புள்ளி கேமல் (.camel) என்ற சப்ஃபோல்டரில்தான் நகர்த்தி வைக்கும். புள்ளியில் தொடங்குவதால் லினக்ஸில் சாதாரணமாகக் கண்ணில் படாது.

குழம்பியவன்:
இருக்கிறது, எல்லாம் அங்கேயே பத்திரமாக இருக்கிறது! மறுபடி வெளியே காப்பி செய்கிறேன். நன்றி அண்ணா.