இந்த செமஸ்டரில் ஏதாவது கற்றுக்கொண்டேனா என்று எதை வைத்துச் சொல்வது?

இரண்டாம்வருடம்:
நர்சிங் இரண்டாம் வருடம். முதல் வருடம் படுக்கை விரிப்பது, பிபி பார்ப்பது என்று எப்படியோ ஓடிவிட்டது. இந்த செமஸ்டரில் மெடிக்கல் சர்ஜிகலும் ஃபார்மகாலஜியும் (மருந்துகளைப் பற்றிய பாடம்) சேர்ந்து வந்ததில் காலையில் வார்டு, மதியம் வகுப்பு, ராத்திரி கேர் பிளான் (நோயாளிக்கு என்ன கவனிப்பு தேவை என்று எழுதும் திட்டம்) என்று மூச்சு விட நேரமில்லை. இன்டர்னல் மார்க் சுமார்தான். போஸ்டிங் முடியும்போது வார்டில் இருந்த ஸ்டாஃப் அக்கா ஒருவர் “முதல் வாரம் வந்த பொண்ணா நீ?” என்று கேட்டார், அது பாராட்டா கிண்டலா என்று இன்னும் குழப்பமாக இருக்கிறது. ஏனென்றால் எனக்கு நான் பின்னால் போனது போலத்தான் தெரிகிறது. செமஸ்டர் தொடக்கத்தில் இருந்த தைரியம்கூட இப்போது இல்லை, மருந்து டிராலி பக்கத்தில் நின்றாலே கை வியர்க்கிறது. மார்க்கை விட்டுவிடுங்கள். வார்டில் வேலை செய்கிறவர்கள் ஒரு மாணவி தேறிவிட்டாள் என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்? ஃபார்மகாலஜி தலையில் நிற்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நைட்டியூட்டி:
ஒன்றே ஒன்று கேட்கிறேன் தங்கச்சி. சார்ட்டில் மூச்சு எண்ணிக்கையை எண்ணி எழுதுகிறாயா, இல்லை எல்லாரையும் போல 18, 20 என்று போட்டுவிடுகிறாயா?

சிரிக்காதே, மாணவர்களை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான். பிபிக்கு மெஷின், ஆக்ஸிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப், காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. மூச்சை மட்டும் மனுஷிதான் நின்று எண்ண வேண்டும், அதனால்தான் எல்லாரும் அதை ஏமாற்றுகிறார்கள். ஆனால் நோயாளி மோசமாகப் போகும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் அதுதான். திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாமல், ரத்தத்தில் அமிலம் கூட ஆரம்பித்தால் உடம்பு அதைச் சரிக்கட்ட வேகமாக மூச்சு விடும், அந்த நேரத்தில் பிபி நன்றாகவே இருக்கலாம். பிபி விழுகிறவரை காத்திருந்தால் பாதி நேரம் போய்விட்டது என்று அர்த்தம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். நோயாளி மோசமாகிறாரா என்று நாடி, மூச்சு, பிபி போன்றவற்றுக்குப் புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ் 2 (NEWS2) ஸ்கோர் போடும் வார்டானால் 25 ஆனதும் அந்த ஒரு அளவுக்கே 3 புள்ளி, உடனே ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் அது.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. “மூச்சு எண்ணப் போகிறேன்” என்று சொன்னால் அவர் மூச்சே மாறிவிடும். நாடி பார்த்த கையை அப்படியே மணிக்கட்டில் வைத்துக்கொண்டு நெஞ்சைப் பார், முழு ஒரு நிமிடம். எண்ணும்போதே தோள் தூக்குகிறதா, கழுத்துத் தசை இழுக்கிறதா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா என்று கண்ணில் படும். எண்ணாமல் 18 எழுத உனக்குக் கை வரவில்லை என்றால் நீ தேறிவிட்டாய், இன்டர்னலில் என்ன வாங்கியிருந்தாலும் சரி.

கடைசிவருடம்:
அக்கா சொன்னது சரிதான், ஆனால் மார்க் வாங்காமல் அடுத்த வருடம் போக முடியாதே. ஃபார்மகாலஜிக்கு வருகிறேன்.

மருந்துகளைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள், குடும்பமாகப் படியுங்கள். ‘ஓலால்’ என்று முடிந்தால் பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர், நாடி குறையும், ஆஸ்துமா இருப்பவருக்குக் கவனம். ‘பிரில்’ என்று முடிந்தால் பிபிக்குக் கொடுக்கும் ஏசிஇ இன்ஹிபிட்டர், வறட்டு இருமல் வரலாம், பொட்டாசியம் ஏறலாம். அதற்கப்புறம் உங்கள் நோயாளியின் சார்ட்டை எடுத்து, அவர் சாப்பிடும் மருந்துகள் ஒன்றுக்கொன்று என்ன செய்துகொள்கின்றன என்று பாருங்கள். எனக்கு டிஜாக்ஸின் மனதில் நின்றதே அப்படித்தான். இதயம் பலவீனமான ஒருவருக்குச் சிறுநீரை அதிகமாக்கும் ஃபுரோசமைடும், இதயத்துக்கான டிஜாக்ஸினும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தன. ஃபுரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5க்குக் (mmol/L) கீழே போனால் அதே அளவு டிஜாக்ஸினே விஷமாகலாம். அதனால்தான் மாத்திரை கொடுக்கும் முன் ஸ்டெத் வைத்து நெஞ்சில் முழு நிமிடம் துடிப்பு எண்ணுகிறோம், பெரியவருக்கு 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்கிறோம். குமட்டல், கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிவது எல்லாம் இதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு நோயாளியை வைத்து இப்படிப் படித்தால் நாலு பக்கம் மனப்பாடம் மிச்சம்.

டிரிப் (நரம்பில் சொட்டுச் சொட்டாகத் திரவம் ஏற்றுவது) கணக்கில் எல்லாரும் சூத்திரத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள், விடை நடக்கிற காரியமா என்று யாரும் பார்ப்பதில்லை. 1000 மி.லி.யை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. 125 வந்தால் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டுக்குப் போட்டிருக்கிறீர்கள். 420 வந்தால் அதை யாராலும் எண்ணவே முடியாது, தசமப் புள்ளி எங்கோ தவறிவிட்டது.

பழையடியூட்டர்:
பின்னால் போனது போல இருக்கிறது என்றீர்களே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாட்ரிஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் அறிஞர் 1984லேயே நர்ஸ்கள் எப்படித் தேர்ச்சி அடைகிறார்கள் என்று ஐந்து நிலைகளாக எழுதிவிட்டார். முதல் நிலையில் இருப்பவருக்குக் கையில் விதிகள் மட்டும்தான், எது முக்கியம் எது அப்புறம் பார்க்கலாம் என்று பிரிக்கத் தெரியாது. அனுபவம் சேரச் சேரத்தான் இந்த நோயாளிக்கு இப்போது எது அவசரம் என்பது பிடிபடும். நீங்கள் முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள், அங்கே எல்லாமே ஒரே நேரத்தில் முக்கியமாகத் தெரிந்து மூச்சு முட்டும். அதில் அசாதாரணம் எதுவும் இல்லை.

மருந்து டிராலி பயத்தைப் போக்கச் சொல்லி என்னிடம் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள், நான் போக்கச் சொல்வதில்லை. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும், அந்தப் பொருளைப் பார்த்துப் பயமே வராதவரிடம் மருந்து அலமாரிச் சாவியைக் கொடுக்க எனக்கு மனம் வராது. கை வியர்த்தால் வியர்க்கட்டும். எடுக்கும்போது ஒருமுறை, அளக்கும்போது ஒருமுறை, படுக்கையருகே கொடுக்கும் முன் ஒருமுறை லேபிளைப் படியுங்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் “ஒரு நிமிஷம்” என்று சொல்லப் பழகுங்கள், சீனியராக இருந்தாலும்.

அப்புறம் ராத்திரி கேர் பிளான். புத்தகத்தைத் திறந்து நோயின் பெயரைத் தேடி எழுதுவதால்தான் அவ்வளவு நேரம் ஆகிறது (திருத்துகிறவர்களுக்கும் அது தெரியும், முப்பது பேருடையதும் ஒரே மாதிரி இருக்கும்). வார்டை விட்டுக் கிளம்பும் முன் இந்த மனிதருக்கு இன்றைக்கு என்னென்ன கஷ்டம் என்று நாலு வரி கிறுக்கிக்கொள்ளுங்கள். “ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறார்” என்ற ஒரு வரியிலிருந்து டயக்னோசிஸ், தலையணை எத்தனை வைப்பது, சிறுநீர் மாத்திரையை எந்த நேரத்துக்குக் கேட்பது எல்லாம் தானாக வரும்.

இரண்டாம்வருடம்:
எல்லாருக்கும் நன்றி. நைட்டியூட்டி அக்கா, இன்று எண்ணினேன். நேற்று சார்ட்டில் 20 என்று இருந்தவருக்கு 26. ஸ்டாஃபிடம் ஓடிப்போய் “அவர் நல்லா இல்லாத மாதிரி இருக்கு” என்றேன், “நல்லா இல்லைன்னா என்ன?” என்று கேட்டார், திக்கித் திக்கித்தான் சொன்னேன். ஆனால் கேட்ட உடனே அவர் எழுந்து வந்து பார்த்தார், டாக்டரையும் கூப்பிட்டார்.

நைட்டியூட்டி:
சபாஷ். ஓடுவதற்கு முன் பத்து நொடி நின்று, நோயாளியின் நிலையை நாலு பகுதியாகச் சொல்லும் எஸ்பார் (SBAR) முறையில் அடுக்கிக்கொள். இப்போது என்ன, இவர் யார் எதற்காக வந்தார், நான் பார்த்தது என்ன, உங்களிடம் என்ன கேட்கிறேன். “ஆறாம் படுக்கை, நிமோனியாவுக்கு அட்மிட் ஆனவர், மூச்சு நேற்று 20 இன்று 26, ஆக்ஸிஜன் 92, கொஞ்சம் வந்து பார்க்கிறீர்களா?” அவ்வளவுதான். எண்ணைச் சொன்னால் யாரும் “என்ன” என்று திருப்பிக் கேட்க மாட்டார்கள். டியூட்டர் சொன்ன நாலு வரியைக் கிறுக்கும் நோட்டில் மட்டும் நோயாளியின் பெயரை எழுதாதே, பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தால் அது வேறு பஞ்சாயத்து.